பயங்கரச் செயலும் மனத்தின் வடுவும்

உடலில் ஒரு கீறலுமின்றிப் போர்க்களத்திலிருந்து திரும்பிய வீரர்கள் பலர் பேச்சிழந்தும், உறக்கம் கெட்டும், சிறு ஓசைக்கும் நடுங்கியும் வாடியதை முதல் உலகப் போரின் மருத்துவர்கள் கண்டனர். 1915-ஆம் ஆண்டில் சார்லஸ் மையர்ஸ் என்னும் ஆங்கில உளநூலறிஞர் இதைப் பற்றி எழுதியபோது, ‘குண்டு அதிர்ச்சி’ என்னும் பெயர் மருத்துவ ஏட்டில் ஏறியது. வெடியின் வேகத்தில் மூளை குலுங்கியதே காரணம் என்றனர் சிலர். கோழைத்தனம் என்று இகழ்ந்தனர் வேறு சிலர். வியட்நாம் போர் முடிந்த பிறகு, 1980-இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் இத்துன்பத்தைத் தனி நோயாக ஏற்று, அதற்கு இலக்கணமும் வகுத்தது. அதன் பின்னரே போர்வீரர் அல்லாதாரின் துயரையும் ஒரே அளவுகோலால் அளக்க வழி பிறந்தது.

அந்த அளவுகோலுக்குப் பெருஞ்சோதனை 1995, ஏப்ரல் 19 அன்று வந்தது. அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில், ஒன்பது மாடிகள் கொண்ட மத்திய அரசாங்க அலுவலகக் கட்டடத்தின் முன் நிறுத்தப்பட்ட லாரியில் இருந்த குண்டு காலை 9 மணி 2 நிமிடத்திற்கு வெடித்தது. 168 பேர் மாண்டனர். அவர்களுள் 19 பேர் குழந்தைகள். அக்கட்டடத்திலேயே குழந்தைகள் காப்பகம் ஒன்று இருந்தது. போர்க்களத்திற்குச் செல்லும் வீரன் ஆபத்தை எதிர்பார்த்தே செல்கிறான். இவர்களோ அன்றாட அலுவலுக்கு வந்தவர்கள்.

மாநிலச் சுகாதார இலாகா, வெடிவிபத்தில் சிக்கிப் பிழைத்தோரின் பதிவேடு ஒன்றைத் தயாரித்தது. அதிலிருந்து எவ்விதத் தெரிவுமின்றி எடுக்கப்பட்டவர்களுள் 182 பேரை, டாக்டர் கரோல் நார்த் தலைமையில் ஆராய்ச்சியாளர் ஏறக்குறைய ஆறு மாதம் கழித்துச் சந்தித்து வினவினர். சிகிச்சை நாடி வந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் கணக்குக் கோணலாகியிருக்கும். நலமாக இருப்பவரையும் சேர்த்து எண்ணியதே இவ்வாராய்ச்சியின் சிறப்பு.

1999-இல் வெளியான முடிவுகள் சிந்தனைக்கு உரியவை. நூற்றுக்கு 45 பேரிடம் ஏதேனும் ஒரு மனநோய் காணப்பட்டது. 34 பேரிடம் அதிர்ச்சிக்குப் பின் தோன்றும் அந்தக் குறிப்பிட்ட நோயே இருந்தது. அந்நோய்க்கு ஆளானவருள் பெரும்பாலோர்க்கு அது சம்பவம் நிகழ்ந்த அன்றே தொடங்கிவிட்டது. பெண்கள் ஆண்களைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு பாதிக்கப்பட்டனர்.

இதனினும் பயனுள்ள செய்தி ஒன்று உண்டு. அந்நாளின் காட்சிகள் கனவிலும் நனவிலும் மீண்டும் மீண்டும் தோன்றுவதும், திடுக்கிட்டு விழிப்பதும் ஏறக்குறைய எல்லோரிடமும் இருந்தன. அவை மட்டுமே நோய்க்கு அடையாளம் ஆகவில்லை. நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் அறவே ஒதுக்கி, உணர்ச்சி மரத்துப்போனவர்கள் சிலரே. ஆனால் அந்தச் சிலருள் நூற்றுக்கு 94 பேர் முழு நோய்க்கும் ஆளாகியிருந்தனர். எனவே, அழுது புலம்புகிறவரைக் காட்டிலும், “எனக்கு ஒன்றுமில்லை” என்று ஒதுங்கிக்கொள்பவரையே நாம் அதிகமாகக் கவனிக்க வேண்டும். அவர் மருத்துவரிடமும் வரமாட்டார். வினவ வருபவருக்குக் கதவையும் திறக்கமாட்டார். ஆராய்ச்சி எளிதில் எட்டாதவரும் அவரே.

ஆண்டுகள் சென்றால் எல்லாம் ஆறிவிடுமா? ஏறக்குறைய ஏழாண்டுகள் கழித்து, பிழைத்தவர்களுள் 60 பேரையும், வெடியில் சிக்காத 60 பேரையும் ஓக்லஹோமா மருத்துவர்கள் ஒப்பிட்டு நோக்கினர். பிழைத்தவர்களிடம் நோய்க்குறிகள் கவலைக்குரிய அளவில் இல்லை. ஆயினும் அந்நாளைப் பற்றிப் பேச்செடுத்தபோது, அவர்களுடைய நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் மற்றவரினும் மிகுதியாக உயர்ந்தன. வாய் “நலம்” என்றது; அதுவும் பொய்யன்று. உடலோ அந்தக் காலைப்பொழுதை இன்னும் மறக்கவில்லை.

2001, செப்டம்பர் 11-க்குப் பிறகு நியூயார்க் நகரம் இப்பணியை விரிவாக்கியது. 2003, 2004 ஆண்டுகளில் 71,000-க்கு மேற்பட்டோர் தாமாகவே ஒரு சுகாதாரப் பதிவேட்டில் சேர்ந்தனர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களிடம் மீண்டும் மீண்டும் வினவப்பட்டது. நோய் சிலரிடம் தணிந்ததும், சிலரிடம் நிலைத்ததும், சிலரிடம் தாமதித்துத் தலைகாட்டியதும் இவ்வாறு நெடுநாள் தொடர்ந்ததனாலேயே தெரியவந்தன.

ஆராய்ச்சி நல்லெண்ணத்தையும் திருத்தியது. சம்பவம் நடந்த உடனே எல்லோரையும் உட்காரவைத்து, ஒரே அமர்வில் அனைத்தையும் சொல்லச் செய்வது நலம் தரும் என்று பலர் நம்பினர். அது நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யக்கூடும் என்று பல சோதனைகளின் தொகுப்பாய்வு 2002-இல் காட்டியது. முதலில் வேண்டுவன பாதுகாப்பும், உற்றார் துணையும், உண்மையான தகவலுமே. துன்பம் நீடிப்போர்க்குப் பயிற்சி பெற்றவரின் முறையான சிகிச்சை தேவை.

மும்பை மாநகர் 1993-இலும் 2008-இலும் இத்தகைய கொடுமைகளைக் கண்டது. இறந்தவரை எண்ணுகிறோம், காயமுற்றோர்க்கு உதவித்தொகை அளிக்கிறோம். அக்கணக்கு முடிந்த பிறகும், உயிர் தப்பிய ஒருவர் இரயில் நிலையத்துக்குள் நுழையத் தயங்கி நிற்கலாம். அவரைக் கோழை என்று கொள்ளாமல், அடுத்த ஆண்டும், ஐந்தாண்டு கழித்தும் சென்று நலம் கேட்கும் ஏற்பாடு ஒன்று வேண்டும். ஓக்லஹோமா ஆராய்ச்சி நமக்கு விட்டுச்சென்ற பாடம் அதுவே.