சீலோ

சீலோ, பண்டைய இஸ்ரவேலர்க்கு அரசனும் தலைநகரும் அமையாதிருந்த காலத்தில் அவர்தம் கோத்திரங்கள் யாவற்றிற்கும் பொதுவான க்ஷேத்திரமாக விளங்கிய ஊர். எப்பிராயீம் மலைநாட்டில், எருசலேமுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிர்பெத் சைலூன் என்னும் மேடே அதன் ஸ்தானம். பெத்தேலுக்கு வடக்கே, சீகேமுக்குப் போகும் பாதைக்குக் கிழக்கே, லிபோனாவுக்குத் தெற்கே என நியாயாதிபதிகள் நூல் அதற்கு எல்லை கூறுகிறது. எல்லாரும் அறிந்த ஊருக்கு எவரும் இவ்வாறு வழி சொல்வதில்லையாதலின், அந்நூல் எழுதப்பட்ட நாளில் சீலோ மறதியில் ஆழ்ந்துவிட்டது போலும். அவ்வழிக்குறிப்பையும், அரபு நாவில் தேய்ந்தும் அழியாதிருந்த பழம்பெயரையும் துணைக்கொண்டே, 1838-இல் எட்வர்டு ராபின்சன் என்னும் அமெரிக்க அறிஞர் அதனை அடையாளங் கண்டார்.

இஸ்ரவேலர் வருமுன்னரே, மத்திய வெண்கலக் காலத்தில், அம்மேட்டைச் சுற்றிப் பெருமதில் எழுந்திருந்தது. இஸ்ரவேலரின் தலைவர் யோசுவா, வழிபாட்டுக்குரிய ஆசரிப்புக் கூடாரத்தை இங்கு நிறுவி, பங்கு பெறாதிருந்த ஏழு கோத்திரங்களுக்குச் சீட்டுப் போட்டு நிலத்தைப் பகிர்ந்தளித்தார் என்பது விவிலிய மரபு. ஆண்டுதோறும் நிகழ்ந்த உற்சவத்தில் கன்னியர் நடனமாடினர். பிள்ளைவரம் வேண்டிய அன்னாள் இங்கு அழுது பிரார்த்தித்தாள். அவள் மகன் சாமுவேல் இங்கேயே வளர்ந்தான். கூடாரம் என்று ஓரிடத்தில் கூறும் விவிலியம் பிறிதோரிடத்தில் கதவும் வாயில்நிலையும் உடைய ஆலயம் என்பதால், கீழே கற்சுவரும் மேலே திரைகளுமாக அது இருந்தது என யூதரின் மிஷ்னா சமாதானம் சொல்கிறது.

வீழ்ச்சி உள்ளிருந்தே தொடங்கிற்று. முதிய ஆசாரியர் ஏலியின் புதல்வர்களான ஓப்னியும் பினெகாசும், பலியிறைச்சி கொப்பரையில் வேகும்போதே பணியாளை அனுப்பி, முக்கவர் முள்ளால் குத்தி, அகப்பட்டதை எடுத்துக்கொண்டனர். கொழுப்பைத் தகனிப்பதற்கு முன்னரே பச்சை இறைச்சி கேட்டு பக்தர்களை அதட்டவும் செய்தனர். பெலிஸ்தரோடு ஆப்பெக் அருகே நேர்ந்த போரில் வெற்றி தருமென்று, சீலோவில் இருந்த புனிதமான உடன்படிக்கைப் பெட்டியைக் களத்திற்குக் கொண்டுசென்றபோது, பெட்டியும் பறிபோயிற்று, அவ்விருவரும் மடிந்தனர். செய்தி கேட்ட தொண்ணூற்றெட்டு வயது ஏலி ஆசனத்திலிருந்து மல்லாந்து விழுந்து பிடரி முறிந்து இறந்தார். பெட்டி பின்னர் மீண்டதாயினும் சீலோவுக்கு வரவில்லை, கீரியாத்யாரீமில் தங்கிற்று. ஆசாரியரோ பின்னாளில் நோபு என்னும் ஊரில் காணப்படுகின்றனர்.

ஊருக்கு நேர்ந்த கதியைச் சாமுவேல் நூல் சொல்லவேயில்லை. இந்த மௌனம் வியப்புக்குரியது. ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகள் கழித்து எரேமியா தீர்க்கதரிசி, எருசலேம் ஆலயமும் சீலோவைப் போலாகும் என்று அவ்வாலய முற்றத்திலேயே நின்று கூறி, உயிருக்கே ஆபத்தை வருவித்துக்கொண்டபோதுதான் அந்த அழிவு வெளிப்படையாகப் பேசப்படுகிறது. 1926-இல் டேனிஷ் அறிஞரும், 1981 முதல் 1984 வரை இஸ்ரேல் ஃபிங்கெல்ஸ்டைன் குழுவினரும் நிகழ்த்திய அகழாய்வுகள் இதற்கு ஒளியூட்டின: தூண்கள் நிறுத்திய கட்டடங்களும், தானியமும் எண்ணெயும் சேமிக்கும் பெருஞ்சாடிகளும், கி.மு. 11-ஆம் நூற்றாண்டில் மூண்ட பெருந்தீயில் சரிந்து கிடந்தன. தீயிட்டவர் பெலிஸ்தரே என்பது பலர் கருத்து. ஆயினும் சாம்பலில் எவர் பெயரும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆலயம் நின்ற இடம் எது என்பதிலும் அறிஞரிடையே ஒருமையில்லை.

ஊர் அடியோடு பாழாகிவிடவுமில்லை. பின்னாளில் இஸ்ரவேலின் அரசனான யெரொபெயாமுக்கு ராஜ்யத்தை முன்னறிவித்த தீர்க்கதரிசி அகியா சீலோவைச் சேர்ந்தவர். பைசாந்தியக் காலத்தில் இங்கே கிறிஸ்தவ ஆலயங்கள் எழுந்தன. இவ்விரண்டிற்கும் இடையே, பாபிலோனியர் எருசலேம் ஆலயத்தைக் கொளுத்திய பின், தாடியைச் சிரைத்து, ஆடையைக் கிழித்துக்கொண்டு, காணிக்கையும் தூபவர்க்கமும் ஏந்திக் கர்த்தருடைய ஆலயத்தை நோக்கி நடந்த எண்பது பேரில் சீலோவினரும் இருந்தனர் என்று எரேமியா நூல் குறிக்கிறது.