மெக்சிகோப் பதக்கமேடை: இனமும் நாடும்

பன்னாட்டு விளையாட்டு விழாவைத் தொலைக்காட்சியிற் காண்போர் இரண்டினை ஒருங்கே காண்கின்றனர். ஒன்று ஆட்டம், மற்றொன்று ஆடுவோரை நாட்டின் உருவாகக் காட்டும் சடங்கு. கொடியும் நாட்டுப்பண்ணும் பதக்கமேடையும் அச்சடங்கின் உறுப்புக்கள். அதனுள் இனம் பெறும் இடம் யாது என்பதை 1968 ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக் விழாவைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ஒலிம்பிக் விழா முதன்முதல் தொலைக்காட்சியில் இடம்பெற்றது 1936-இல், பெர்லினில் ஆகும். பொதுக் கூடங்களிற் குழுமி மக்கள் அதனைக் கண்டனர். ஆரிய இனமே உயர்ந்ததெனப் பறைசாற்றிய நாஜி அரசின் அவ்விழாவில், கறுப்பினத்தவரான ஜெசி ஓவன்ஸ் நான்கு தங்கப் பதக்கங்கள் வென்றார். ஆயினும் தாய்நாடு திரும்பிய பின்னரும் இனப்பாகுபாடு அவரைவிட்டு அகலவில்லை. வெற்றி நாட்டுக்கு உரியதாயிற்று. இழிவோ இனத்துக்கே உரியதாய் நின்றது.

இம்முரணே மெக்சிகோவில் வெளிப்பட்டது. 1968 அக்டோபர் 16 அன்று 200 மீட்டர் ஓட்டத்தை 19.83 நொடியில் முடித்து டாமி ஸ்மித் உலகச் சாதனை நிகழ்த்தினார். ஆஸ்திரேலியரான பீட்டர் நார்மன் இரண்டாமிடமும், அமெரிக்கரான ஜான் கார்லோஸ் மூன்றாமிடமும் பெற்றனர். அமெரிக்க நாட்டுப்பண் ஒலித்தபோது ஸ்மித்தும் கார்லோசும் தலைகவிழ்ந்து, கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தினர். கறுப்பின மக்களின் வறுமையைக் குறிக்கக் காலணியின்றிக் கறுப்புக் காலுறையுடன் நின்றனர். மனித உரிமைகளுக்கான ஒலிம்பிக் இயக்கத்தின் சின்னத்தை நார்மன் உள்ளிட்ட மூவருமே அணிந்திருந்தனர்.

அவர்கள் சடங்கினைக் குலைக்கவில்லை என்பது கருதற்பாலது. நாட்டுப்பண் ஒலிக்குங்கால் கொடியையும் வென்றோர் முகத்தையும் காட்டுதல் தொலைக்காட்சி மரபு. நாட்டினை ஒன்றெனக் காட்டும் அம்மரபே, அந்நாட்டினுள் இருந்த பிளவினை உலகுக்கு உணர்த்தும் வாயிலாயிற்று. வென்றால் தாம் அமெரிக்கர், தவறிழைத்தால் நீக்ரோ எனப்படுவதாக ஸ்மித் அப்போதே விளக்கினார்.

இருவரும் அணியினின்றும் நீக்கப்பெற்று ஒலிம்பிக் குடியிருப்பினின்றும் வெளியேற்றப்பட்டனர். விளையாட்டில் அரசியல் புகுதல் தகாது என்பதே கூறப்பட்ட காரணம். அன்று பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் தலைவர் ஏவரி பிரண்டேஜ். 1936-இல் அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் தலைவராய் இருந்து பெர்லின் விழாவைப் புறக்கணித்தலாகாது என வாதிட்டவரும் அவரே. பெர்லின் மேடையில் செருமானிய வீரர் செய்த நாஜி வணக்கம் நாட்டு வணக்கமாகக் கொள்ளப்பட்டது. மெக்சிகோவில் உயர்ந்த கையோ அரசியல் எனப்பட்டது. அரசு செய்விப்பது மரபென்றும், அரசினால் ஒடுக்கப்பட்டோர் செய்வது அரசியலென்றும் கொள்ளும் நோக்கு இதனாற் புலனாகும்.

நார்மனின் நிலையும் எண்ணத்தக்கது. உயர்ந்த கைகளைக் கண்ட உலகம் அவர் மார்பிலிருந்த சிறு சின்னத்தைக் காணத் தவறியது. 2005-இல் சான் ஓசே பல்கலைக்கழகத்தில் எழுப்பப்பெற்ற சிலையில் அவரிடம் வெறுமையாக விடப்பட்டுள்ளது. காண்போர் அங்கு ஏறி நிற்கலாம். 2006-இல் அவர் மறைந்தபோது ஸ்மித்தும் கார்லோசும் அவர்தம் பேழையைச் சுமந்தனர்.

தொலைக்காட்சி இனத்தையும் நாட்டையும் வெறுமனே காட்டுவதன்று. எது நாடு, எது இனம் எனப் பகுத்துக் காட்டுவது. அப்பகுப்பினை ஆராயாது ஆட்டத்தின் வரலாற்றை எழுதுதல் நிறைவுடையதாகாது என்பதே எம் துணிபு.