'காலா பானி' தொடரின் கொள்ளைநோய்: கற்பனை எது, அந்தமானில் உண்மையில் நடந்தது எது?

ஸ்ரீ விஜயபுரம்: அந்தமான் தீவுகளைக் கதைக்களமாகக் கொண்ட 'காலா பானி' இணையத் தொடர், 2027ஆம் ஆண்டில் தீவுகளைச் சூழும் ஒரு மர்ம நோயைப் பற்றிய அறிவியல் புனைவு. அதில் வரும் நோயின் பெயர் கற்பனை, மாந்தர்களும் கற்பனை. ஆனால், பெயர் தெரியாத ஒரு காய்ச்சல் வடக்கு அந்தமானில் உயிர்களைப் பறித்ததும், அதன் காரணத்தைக் கண்டறிய ஐந்து ஆண்டுகள் ஆனதும் உண்மை. தொடரின் இரண்டாம் பருவம் அறிவிக்கப்பட்டுள்ள நிலையில், திரையில் காண்பதற்கும் தீவுகளின் வரலாற்றுக்கும் உள்ள தொடர்பை இத்தொகுப்பு விளக்குகிறது.

தொடர் குறித்து

போஷம் பா பிக்சர்ஸ் தயாரிப்பில் சமீர் சக்சேனா, அமித் கோலானி ஆகியோர் இயக்கிய இத்தொடரின் முதல் பருவம், ஏழு பகுதிகளாக 2023 அக்டோபர் 18 அன்று நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் வெளியானது. மோனா சிங், அமேய் வாக், சுகாந்த் கோயல், விகாஸ் குமார் உள்ளிட்டோர் நடித்துள்ளனர். 'லகான்' திரைப்படத்தின் இயக்குநர் அசுதோஷ் கோவாரிகர், துணைநிலை ஆளுநர் வேடத்தில் தோன்றுகிறார். அடுத்த மாதமே இரண்டாம் பருவம் அறிவிக்கப்பட்டது.

சுற்றுலாப் பயணிகள் திரண்டிருக்கும் வேளையில் தீவுகளில் நோய் பரவுகிறது. நிலப்பரப்புடனான போக்குவரத்து துண்டிக்கப்படுகிறது. வந்தவர்களும் வாழ்பவர்களும் ஒரே இடத்தில் அடைபடுகின்றனர். நோய்க்கு 'எல்.எச்.எஃப்.-27' என்றும், அதை உண்டாக்கும் நுண்ணுயிரிக்கு ஹேவ்லாக் தீவின் பெயரையொட்டி 'லெப்டோஸ்பைரெல்லா ஹேவ்லாக்கென்சிஸ்' என்றும் கதையில் பெயர் சூட்டப்பட்டுள்ளது. ஹேவ்லாக் தீவு 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு எனவும், தலைநகர் போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனவும் பெயர் மாற்றப்பட்டன.

இது நாவலைத் தழுவிய தொடரா?

அல்ல. 'காலா பானி' நேரடியாகத் திரைக்கென எழுதப்பட்ட கதை. மேலைநாடுகளில் அறிவியல் புனைவுத் தொடர்களும் நாவல்களும் கைகோத்து நடப்பது வழக்கம். 1978இல் வெளிவந்த 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' தொடர், 2003இல் குறுந்தொடராகவும் 2004 முதல் முழுத் தொடராகவும் மறு உருவாக்கம் பெற்றபோது, ஜெஃப்ரி கார்வர், பீட்டர் டேவிட் போன்றோர் அதையொட்டி நாவல்கள் எழுதினர். தமிழில் பாதை தலைகீழ். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' முதலில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்தது. பின்னரே தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடரானது.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டியுள்ளது. 2022ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்ற மு. ராஜேந்திரனின் 'காலா பாணி' தமிழ் நாவலுக்கும் இத்தொடருக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. அந்நாவல், காளையார்கோவில் போருக்குப் பின் சிவகங்கையின் வேங்கை பெரிய உடையத்தேவரும் அவரைச் சார்ந்தோரும் 1802இல் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்ட வரலாற்றைப் பேசுகிறது. பிரியதர்ஷன் இயக்கத்தில் மோகன்லால், பிரபு, தபு நடித்து 1996இல் வெளிவந்த 'காலாபானி' திரைப்படம் தமிழில் 'சிறைச்சாலை' என்ற பெயரில் வந்ததும் பலருக்கு நினைவிருக்கலாம். 'கரிய நீர்' என்று பொருள்படும் இச்சொல், கடல் கடத்திக் கைதிகளை அனுப்பும் தண்டனையைக் குறித்தது. தமிழில் இதையே 'தீவாந்தர சிட்சை' என்றனர். 'கரிய நீர்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைவிட, அந்தப் பழைய சொல்லே அச்சத்தைச் சரியாகக் கடத்துகிறது.

ஐந்து ஆண்டுகள் பெயரில்லாத காய்ச்சல்

தொடரின் வேர் நாவலில் இல்லாவிடினும், அதன் நோய்க்கு இணையான ஒன்று மருத்துவ ஆவணங்களில் இருக்கிறது. 1988 முதல், பருவமழை ஓயும் காலந்தோறும் அந்தமானில் ஒரு கடுங்காய்ச்சல் தலைகாட்டியது. திடீர்க் காய்ச்சல், தலைவலி, உடல்வலி எனத் தொடங்கி, சிலருக்கு இருமலில் இரத்தம் வந்தது, மூச்சுத்திணறல் ஏற்பட்டது, நுரையீரலுக்குள் இரத்தம் கசிந்து உயிரிழப்பும் நேர்ந்தது. வடக்கு அந்தமானின் திக்லிபூர் வட்டாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. காரணம் விளங்காததால் மருத்துவர்கள் அதை 'அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று மட்டும் அழைத்தனர். அறிகுறியையும் இடத்தையும் சேர்த்து வைத்த பெயர் அது. நோய் எதுவென்று அப்பெயர் சொல்லவில்லை.

1993இல்தான் விடை கிடைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் போர்ட் பிளேரில் 1983 முதல் இயங்கிவரும் மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையத்தின் ஆய்வாளர்கள், இது லெப்டோஸ்பைரோசிஸ் என்று கண்டறிந்தனர். 1995இல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' ஆய்விதழில் எஸ்.சி. சேகல் தலைமையிலான குழுவினர் இதை வெளியிட்டனர். பின்னாளில் இந்த மையம், லெப்டோஸ்பைரோசிஸ் நோய்க்கான உலக சுகாதார அமைப்பின் கூட்டு மையமாகவும் அங்கீகாரம் பெற்றது.

வியப்புக்குரியது, நோய் தீவுகளுக்குப் புதிதல்ல என்பதே. தண்டனைக் குடியேற்றக் காலத்திலேயே டெய்லர், கோயல் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் அந்தமானில் லெப்டோஸ்பைரோசிஸ் இருப்பதை விரிவாக ஆராய்ந்து 1931இல் நூலாக வெளியிட்டிருந்தனர். லெப்டோஸ்பைரா நுண்ணுயிரி வகைகளுள் ஒன்றுக்கு 'அந்தமானா' என்ற பெயரும் உண்டு. அந்த வகை, நோய் விளைவிக்காத பிரிவைச் சேர்ந்தது. தொடரின் எழுத்தாளர்கள் தம் கற்பனை நுண்ணுயிரிக்கு ஹேவ்லாக்கின் பெயரைச் சூட்டுவதற்குப் பல பதிற்றாண்டுகள் முன்பே, தீவுகளின் பெயர் நுண்ணுயிரியலில் இடம்பெற்றுவிட்டது. 1931இல் அச்சேறிய அறிவு, 1988இல் திக்லிபூரில் நோயாளியின் அருகே நின்ற மருத்துவருக்குக் கைகொடுக்கவில்லை. தொடரில் வரும் எந்தத் திருப்பத்தைக் காட்டிலும் இதுவே அதிர்ச்சியளிக்கிறது.

எவ்வாறு பரவுகிறது?

லெப்டோஸ்பைரோசிஸ் தமிழில் 'எலிக்காய்ச்சல்' எனப்படுகிறது. எளிதில் நினைவில் நிற்கும் பெயர்தான். ஆயினும் பழியை எலியின் மீது மட்டும் சுமத்திவிடுகிறது. எலி மட்டுமன்றி மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீரிலும் இந்நுண்ணுயிரி வெளியேறும். அது கலந்த நீரிலோ ஈரமண்ணிலோ நிற்பவர்களின் உடலில், தோலிலுள்ள கீறல் அல்லது கண், மூக்கு, வாயின் மென்சவ்வு வழியே நுழைகிறது. வெறுங்காலுடன் சேற்றில் இறங்கும் நெல் விவசாயிகளுக்கு ஆபத்து அதிகம் என்பதற்கும், மழைக்குப் பிந்தைய அக்டோபர், நவம்பர் மாதங்களில் நோய் பெருகுவதற்கும் இதுவே காரணம்.

இங்கே தொடர் உண்மையிலிருந்து விலகுகிறது. திரையில் நோய் ஊரையே விரைந்து சூழ்கிறது. உண்மையில் லெப்டோஸ்பைரோசிஸ் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது மிக அரிது. அதற்குச் சிகிச்சையும் உண்டு. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் டாக்சிசைக்ளின், பெனிசிலின் போன்ற வழக்கமான மருந்துகளே போதும். சிக்கல், கண்டறிவதில்தான். டெங்கு, மலேரியா ஆகியவற்றின் தொடக்க அறிகுறிகளும் இதே போன்றவை.

வடக்கு அந்தமானில் முன்னெச்சரிக்கையாக வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் கொடுத்துச் சோதித்த ஆய்வின் முடிவு 2000ஆம் ஆண்டில் வெளியானது. மருந்து, தொற்று ஏற்படுவதைத் தடுக்கவில்லை. ஆனால் நோயாக முற்றுவதைக் குறைத்தது. மருத்துவரின் ஆலோசனையின்றி இம்மருந்தை எடுத்துக்கொள்ளக் கூடாது.

தீவுகள் துண்டிக்கப்பட்டால்?

தொடர் எழுப்பும் இக்கேள்வி கற்பனையானதல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபாரின் மக்கள்தொகை 3,80,581. தாய்மொழி அடிப்படையில் வங்காளிகள், இந்தி பேசுவோருக்கு அடுத்து மூன்றாம் இடத்தில் தமிழர்கள் உள்ளனர். ஏறத்தாழ 15 விழுக்காடு. சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் பயணம். தலைநகரிலுள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனையே மேற்சிகிச்சைக்கான முதன்மை அரசு மருத்துவமனை. அதனுடன் இணைந்த மருத்துவக் கல்லூரி 2015இல்தான் தொடங்கப்பட்டது.

'ஓராக்கா' பழங்குடியினர் யார்?

தொடரில் நோய்க்கான விடை, 'ஓராக்கா' என்ற பழங்குடியினரின் காட்டில் இருப்பதாகக் கதை நகர்கிறது. பலரைக் காப்பதற்காகச் சிலரை இழக்கலாமா என்பதே நிர்வாகத்தின் முன் நிற்கும் கேள்வி. அப்படியொரு இனம் அந்தமானில் இல்லை. கிரேட் அந்தமானியர், ஓங்கே, ஜாரவா, சென்டினலியர் ஆகியோர் அந்தமானிலும், ஷோம்பென், நிகோபாரியர் ஆகியோர் நிகோபாரிலும் வாழும் பழங்குடியினர். உண்மையான ஓர் இனத்தின் பெயரைப் பயன்படுத்தாதது பொறுப்பான முடிவு. ஆனால் ஓராக்காக்களைத் தேடி இணையத்தில் அலையும் பார்வையாளர், உண்மையான பெயர்களையும் அறிந்துகொள்வது நல்லது.

வரலாற்றில் நோய் பயணித்த திசை, கதைக்கு நேர் எதிரானது. அது வெளியிலிருந்து காட்டுக்குள் சென்றது. 1858 மார்ச்சில் ஆங்கிலேயர் தண்டனைக் குடியேற்றத்தை நிறுவிய பின், 1877இல் பரவிய தட்டம்மை கிரேட் அந்தமானியரைப் பெரும் எண்ணிக்கையில் பலிகொண்டது. ஆயிரக்கணக்கில் இருந்த அவ்வினத்தவர் 2011 கணக்கெடுப்பில் 44 பேர். அவர்களது மொழிகளுள் ஒன்றான 'போ' மொழியைப் பேசிய கடைசி நபரான போவா சீனியர், 2010 ஜனவரியில் காலமானார். 1990களின் இறுதியில் வெளியாட்களுடன் பழகத் தொடங்கிய ஜாரவா மக்களிடையேயும் 1999இல் தட்டம்மை பரவியது. 2011இல் அவர்களது எண்ணிக்கை 380. கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்டில், கிரேட் அந்தமானியருள் பத்துப் பேருக்குத் தொற்று உறுதியானது.

இம்மக்களின் வாழிடங்கள் 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் காக்கப்படுகின்றன. ஜாரவா காப்புப் பகுதியை ஊடறுத்துச் செல்லும் அந்தமான் நெடுஞ்சாலையின் அப்பகுதியை மூடுமாறு உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் உத்தரவிட்டது. எனினும் குறிப்பிட்ட நேரங்களில், காவலுடன் அணிவகுத்துச் செல்லும் வாகனங்கள் இன்றும் அனுமதிக்கப்படுகின்றன. வழியில் வண்டியை நிறுத்துவதும், ஜாரவா மக்களைப் படம் எடுப்பதும், உணவுப் பொருள் கொடுப்பதும் தடைசெய்யப்பட்டவை.