தூசியும் உழவர் சுவாசமும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நுணுக்குக்காட்டி தோன்றியது; கிருமி தெரிந்தது; நோய் விளங்கிற்று என்னும் முறையிலேயே அது அமைகின்றது. ஆனால், வேளாண் மக்கள் சுவாசிக்கும் காற்றில் மிதக்கும் உயிர்த்துகள்கள் பற்றிய அறிவு வளர்ந்த விதத்தை நோக்கின், இது முழு உண்மையன்று என்பது புலனாகும். கால்நடைத் தீனிக்காகப் புல்லை வெட்டி உலர்த்திச் சேமிக்கும் தொழிலோடு தொடர்புபட்ட நோய்கள் இரண்டு. இங்கிலாந்தின் மருத்துவ ஏடுகளில் அவற்றுள் ஒன்று 1819இல் இடம்பெற, மற்றது 1932 வரை காத்திருக்க நேர்ந்தது. இவ்விடைவெளியின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழிலாளர் நோய்களைத் தனிப்பொருளாக ஆராய்ந்த முதற் பெருநூல், பெர்னார்டினோ றமசினி எழுதி, இத்தாலியின் மொடேனா நகரில் 1700இல் வெளியானது. தானியம் சலிப்போரும் அளப்போரும் படும் துன்பத்தை அவர் அந்நூலில் விரித்துரைத்தார். தூசியினால் அவர்களின் தொண்டையும் கண்ணும் நெஞ்சும் தாக்கப்படுகின்றன. உடலெங்கும் தினவு உண்டாகின்றது. மூச்சிளைப்புற்று மெலியும் அவர்கள் முதுமையை எட்டுவது அரிது என்றார் அவர். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் வினாக்களோடு, ‘உமது தொழில் யாது?’ என்பதையும் சேர்க்கவேண்டும் என வற்புறுத்தியவரும் அவரே. உழைப்போரின் நோயை அவர் கண்டமைக்கு இவ்வினாவே வழிகாட்டிற்று எனலாம்.

அடுத்த நூற்றாண்டுகளில் மருத்துவரின் கவனம் வேறொரு திசையிற் சென்றது. கோடைதோறும் தும்மலாலும் கண்ணரிப்பாலும் தாம் பட்ட துன்பத்தை யோன் பொஸ்ரொக் என்னும் மருத்துவர் 1819இல் இலண்டனில் விவரித்தார். 1828இல் மேலும் பல நோயாளரைப் பற்றி எழுதியபோது, இந்நோய் நடுத்தர, உயர் வகுப்பினரிடையே மட்டும் காணப்படுவதாகக் குறிப்பிட்டார். மன்செஸ்ரரைச் சேர்ந்த சாள்ஸ் பிளக்கிலியும் இந்நோய்க்கு ஆளான மருத்துவரே. பசைபூசிய கண்ணாடித் தகடுகளைப் பட்டங்களிற் கட்டி ஆயிரம் அடிக்கு மேலும் பறக்கவிட்டு, காற்றிலுள்ள மகரந்தத்தை அவர் எண்ணிப் பார்த்தார். புல்லின் மகரந்தமே நோய்க்குக் காரணமென நிறுவும் அவரது நூல் 1873இல் வெளிவந்தது. மகரந்தத்தின் நடுவே வாழும் உழவரிடம் இந்நோய் அரிதாயிருப்பதையும் அவர் கவனித்திருந்தார். ஆயினும், அவ்வுழவரின் நெஞ்சை வேறெது தாக்குகின்றது என்னும் வினா எழவில்லை.

அவ்வினாவுக்கு விடை காணத் தொடங்கியது 1932இல் ஆகும். இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள வெஸ்ற்மோலண்ட் பகுதியில், பூஞ்சணம் பிடித்த உலர்புல்லைக் கையாண்ட தொழிலாளர் சிலர் கடும் மூச்சுத்திணறலுக்கு உள்ளாகினர். அதனைக் கம்பெல் என்னும் மருத்துவர் அவ்வாண்டில் விவரித்து எழுதினார். முந்திய ஆண்டின் கோடை மழை மிகுந்ததாயிருந்தமையால் புல் நன்கு உலராமலே சேமிக்கப்பட்டிருந்தது. ‘உழவர் நுரையீரல்’ என்று பின்னர் பெயர்பெற்ற நோய் இதுவேயாகும்.

நோயின் இயல்பும் அதனை மறைத்தது என்பதை ஏற்றுக்கொள்ளல் வேண்டும். தூசியைச் சுவாசித்துச் சில மணிநேரம் கழிந்த பின்னரே குளிரும் காய்ச்சலும் இருமலும் தோன்றும். பகலில் உழைத்தவன் இரவில் நோயுறும்போது, அதனைச் சாதாரண சளிச்சுரமெனக் கொள்வது இயல்பே. சில நாட்களில் அது தணியும். ஆனால் மீண்டும் மீண்டும் தாக்குமாயின் நுரையீரல் தழும்புற்று இறுகி, மூச்சு நிரந்தரமாகக் குன்றும்.

இதன் காரணத்தை 1963இல் இரு துறையினர் இணைந்து தெளிவுபடுத்தினர். றொதம்ஸ்ரெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் கிறெகறியும் லேசியும் பூஞ்சணம் பிடித்த புல்லின் தூசியை ஆராய்ந்தனர். ஈரத்தோடு கட்டப்பட்ட புல் தானாகவே வெப்பமுற்று 60 பாகை செல்சியசையும் எட்டக்கூடும். அவ்வெப்பத்தில் ஒருவகைப் பக்ரீரியாக்கள் பெருகி எண்ணற்ற வித்திகளை உண்டாக்குகின்றன. இவ்வித்திகளுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் நோயாளரின் குருதியில் இருப்பதை யாக் பெப்பிசும் அவரோடு பணியாற்றியோரும் காட்டினர். புல்லின் மகரந்தமணி பெரியதாதலால் பெரும்பாலும் மூக்கிலேயே தங்கிவிடும். இவ்வித்தியோ ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கேயாதலால் நுரையீரலின் நுண்ணறைகளை அடைகின்றது. ஒன்று தும்மலோடு நிற்க, மற்றது உயிர்மூச்சையே குறைப்பதன் காரணம் இதுவாகும்.

இவ்வறிவினால் விளைந்த பயனும் சிறிதன்று. நோய் தொழில்வழி வந்ததென நிறுவப்பட்ட பின்னரே இழப்பீடு கோரும் உரிமை பிறந்தது. 1960களின் நடுப்பகுதியில் பிரித்தானியா அதனைத் தொழில்சார் நோய்ப் பட்டியலிற் சேர்த்தது. புல்லை நன்கு உலர்த்தல், காற்றோட்டம் அமைத்தல், உலர்த்தாமலே காற்றுப்புகாது பதப்படுத்தல் ஆகிய தடுப்பு முறைகளுக்கும் மருத்துவ நியாயம் கிடைத்தது.

நுணுக்குக்காட்டியும் குருதிச் சோதனையும் இன்றி 1963ஆம் ஆண்டின் முடிவுகள் பெறப்பட்டிரா என்பது மெய்யே. ஆனால் 1932இல் கம்பெல் கண்டதற்கு அவை தேவைப்படவில்லை. நோயாளரின் தொழிலையும் அவர்கள் கையாண்ட புல்லையும் கவனித்தமையே போதுமானதாயிற்று. அக்கவனம் றமசினியின் காலத்திலேயே இயன்றதொன்று. மருத்துவர் தமது மூக்கின் நோயை ஆராய்ந்த வேகத்தையும், உழவனின் நெஞ்சுநோயைக் காண எடுத்த காலத்தையும் ஒப்பிடுமிடத்து, அறிவின் வளர்ச்சியில் சமூகத் தூரத்துக்கும் பங்குண்டு என்பது தெளிவாகும். நெல்லாலைகளிலும் தானியக் களஞ்சியங்களிலும் தொழிலாளர் தூசியைச் சுவாசிக்கும் வரை, மருத்துவம் கற்போரும் சமூகவியல் கற்போரும் றமசினியின் வினாவை மறத்தலாகாது.