ரசீதின் பின்பக்கம்

ஜூன் பிறந்ததும் ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கும்பகோணம் கடைத்தெருவில் இறங்கிவிடுவேன். நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். என்னிடம் படித்த சிலர் சேர்ந்து, கல்லூரியில் சேரும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்ட ஒரு சின்ன நிதி நடத்துகிறார்கள். வசூல் என் தலையில். ரசீதின் பின்பக்கம் ஓர் எண் புதிரை அச்சடிப்பது என் கிறுக்கு. "பின்பக்கமும் ஓட்டினா கூலி கூட ஆகும் சார்" என்று அச்சகக்காரர் வருஷா வருஷம் முனகுவார்.

போன வருஷப் புதிர் இது. ஒரே சாரியில் எட்டு வீடு, கதவிலக்கம் 1 முதல் 8 வரை. ஒரு வீட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள இலக்கங்களைக் கூட்டினாலும் அந்தப் பக்கம் உள்ளவற்றைக் கூட்டினாலும் ஒரே தொகை வருகிறது. எந்த வீடு? ஜவுளிக் கடை முதலாளி என் பழைய மாணவர். கல்லாவில் உட்கார்ந்தபடியே பில் தாளின் ஓரத்தில் கிறுக்கிவிட்டு, "ஆறாம் நம்பர் சார். இந்தப் பக்கம் பதினஞ்சு. அந்தப் பக்கம் ஏழும் எட்டும் பதினஞ்சு" என்றார். இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது என்றேன். "முகூர்த்த நாள் கூட்டம் சார், அப்புறம் வாங்க" என்றுவிட்டார். அவருக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அதே மாதிரி ஒரு புடவைக் கடையில்தான் சீனிவாச ஐயங்கார் கணக்கெழுதினார். சம்பளம் மாதம் 20 ரூபாய், வீடு சாரங்கபாணி சன்னதித் தெரு. மனைவி கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடியும், வெளியூர்ப் பையன்களை வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டும் குடும்பத்தை இழுத்துப் பிடித்தார். மூத்த மகன் இராமானுஜன் 1904இல் டவுன் ஹைஸ்கூலை முடித்து, காவிரிக்கரை அரசினர் கல்லூரியில் பி.ஏ.வுக்கு முந்தைய படிப்பான எஃப்.ஏ. சேர்ந்தபோது உதவித்தொகை கிடைத்தது. கணக்கைத் தவிர வேறு பாடத்தை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை நின்றது. ஒரு பருவத்துக் கட்டணம் 32 ரூபாய், அதாவது அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளத்துக்கும் மேலே. 1905 ஆகஸ்டில் பையன் வீட்டைவிட்டு ஓடி விசாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தான்.

அந்தக் கல்லூரியைத் 'தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ்' என்று எங்கள் ஊரில் சொல்லிக்கொள்வோம். நானும் மேடைகளில் சொல்லியிருக்கிறேன். 32 ரூபாயைச் சேர்த்துச் சொன்னதில்லை. கல்லூரிமேல் கோபப்படவும் எனக்கு வாய் வரவில்லை. எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் பணம் என்று எங்கள் நிதியிலும் ஒரு விதி இருந்தது. எழுதியவன் நான்தான். அந்த விதியைக் காட்டி ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பிய பிறகுதான் அதை அடித்தோம். அவள் அப்புறம் எங்கே சேர்ந்தாள் என்று விசாரிக்கவும் இல்லை.

அடுத்து இராமானுஜன் போன பச்சையப்பன் கல்லூரி, 1794இல் மறைந்த வணிகர் பச்சையப்ப முதலியார் விட்டுப்போன அறக்கொடையில் எழுந்தது. அங்கே அவர் காலை வாரியது உடலியல் பாடம். 1907இல் தனியாக எழுதியும் எஃப்.ஏ. தேறவில்லை.

1910இல் திருக்கோயிலூருக்குப் போய், டெபுடி கலெக்டர் வி. இராமசாமி ஐயரிடம் தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஆளைத் தாலுகா ஆபீசில் அடைத்தால் பாவம் என்று வேலை தரவில்லை. சிபாரிசுக் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். வேலை கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லி ஒருவர் நல்லது செய்த கதை வேறு எனக்குத் தெரியாது. கை மாறிக் கை மாறி, இராமானுஜன் நெல்லூர் கலெக்டர் ஆர். இராமச்சந்திர ராவிடம் போய் நின்றார். அவர் தன் சொந்தப் பணத்தில் மாதம் 25 ரூபாய் அனுப்பினார்.

அந்த 25 ரூபாய்க் காலத்தில்தான் கழகத்தின் இதழில் இராமானுஜன் ஒரு புதிர் போட்டார், 1911இல். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என்று முடிவில்லாமல் போகும் ஒரு கோவை. அதன் மதிப்பு என்ன? ஆறு மாதத்துக்கு மேல் காத்திருந்தும் விடை எழுத ஆள் வரவில்லை. கடைசியில் அவரே சொன்னார். விடை வெறும் 3. மூன்று என்பது 9இன் வர்க்கமூலம். 9 என்பது 1 + 2 × 4. அந்த 4, 16இன் வர்க்கமூலம். 16 என்பது 1 + 3 × 5. அந்த 5, 25இன் வர்க்கமூலம். 25 என்பது 1 + 4 × 6. இப்படியே உரித்துக்கொண்டு போகலாம். தாள் வாங்கக் கட்டாது என்று இதையெல்லாம் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழிப்பார், முடிவு மட்டும் நோட்டுக்குப் போகும்.

பிறத்தியார் காசில் சாப்பிட மனம் ஒப்பாமல் 1912 மார்ச்சில் துறைமுகக் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். சம்பளம் 30 ரூபாய். 1913இல் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுத, மே முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வந்தது. எம்.ஏ. படித்தவர்களுக்கென்று இருந்த பணம் எஃப்.ஏ.கூடத் தேறாதவருக்குப் போனது. ஆங்கிலத்துக்காக ஒரு விதி அவரை வெளியே தள்ளியிருந்தது. இந்த விதியை வளைக்க மட்டும் நாலு பெரிய மனிதர்கள் வேண்டியிருந்தது. 1914இல் அவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குப் போகப் பல்கலைக்கழகம் வருஷம் 250 பவுன் ஒதுக்கியது, அதில் 50 பவுன் வீட்டுக்கு. மார்ச் 17 அன்று கப்பல் ஏறினார்.

அந்த டிசம்பரில் லண்டன் 'ஸ்ட்ராண்ட்' இதழின் புதிர்ப் பகுதியில் ஹென்றி டூடனி எழுதியதுதான் என் ரசீதுப் புதிரின் மூலம். ஆகஸ்டில் ஜெர்மானியப் படை கொளுத்திய பெல்ஜிய நகரம் லூவேனில் அந்தத் தெரு இருப்பதாகக் கதை. வீடுகள் 50க்கு மேல், 500க்குள். கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த பி.சி. மகலனோபிஸ், இராமானுஜன் அறைக்குப் போய் இதைப் படித்துக் காட்டினார். இவர் வாணலியில் காய் வதக்கிக்கொண்டிருந்தார். கரண்டியைக் கீழே வைக்காமலே, எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். மகலனோபிஸ் போட்டுப் பார்த்துக் கண்டது ஒரே விடை: 288 வீட்டில் 204ஆம் வீடு. இராமானுஜன் சொன்னதில் அந்த மாதிரித் தெருக்கள் அத்தனையும் அடங்கியிருந்தன. அந்தத் தெருக்களைக் கண்டுபிடிக்க, 2இன் வர்க்கமூலத்தை நெருங்கிப்போகும் பின்னங்களை வரிசையாக எழுதுங்கள்: 1/1, 3/2, 7/5, 17/12. ஒவ்வொன்றிலும் மேலதையும் கீழதையும் பெருக்கினால் 1, 6, 35, 204. ஜவுளிக் கடைக்காரரின் ஆறாம் நம்பர் அதில் இரண்டாவதாக நிற்கிறது. 35க்கு எத்தனை வீட்டுத் தெரு என்பதை இந்த வருஷ ரசீதில் கேட்டிருக்கிறேன்.

1918இல் இராமானுஜன் ராயல் சொசைட்டி உறுப்பினரானதும், இந்தியா திரும்பினால் வருஷம் 250 பவுன் தருவதாகச் சென்னைப் பல்கலைக்கழகம் சொன்னது. 1919 ஜனவரி 11 அன்று, உடம்பு முடியாத நிலையில், பதிவாளருக்கு அவர் பதில் எழுதினார். இந்தத் தொகை தன் தேவைக்கு அதிகம், பெற்றோருக்கு 50 பவுன் கொடுத்துத் தன் செலவும் போக மிஞ்சுவதைக் கல்விக்குச் செலவழிக்க வேண்டும் என்று. எதற்கு என்றும் குறிப்பிட்டிருந்தார்: ஏழைப் பையன்களுக்கும் தாய் தகப்பன் இல்லாதவர்களுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்க, பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்க.

மிஞ்சும் அளவுக்கு அவர் இருக்கவில்லை. 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் இறந்தபோது வயது 32. மனைவி ஜானகி பல ஆண்டுகள் திருவல்லிக்கேணியில் பல்கலைக்கழகம் தந்த ஓய்வூதியத்திலும் தையல் வேலையிலும் காலம் தள்ளினார். 1950 வாக்கில் தாயை இழந்த ஒரு சிறுவனைத் தன்னோடு வைத்துக்கொண்டு, வளர்த்துப் படிக்கவைத்தார்.