பைகுல்லாச் சிறையின் இசைவு

பம்பாய்வாழ் தமிழர் பலர் பரேலிலுள்ள ஹாப்கின் நிலையத்தை அறிவர். 1896-இல் அந்நகரைப் பிளேக் நோய் பற்றியபோது, அதற்குத் தடுப்பு மருந்து கண்ட ஹாப்கின், 1897 ஜனவரி 10-ஆம் நாள் அதைத் தம் உடலில் செலுத்திக்கொண்டார். அம்மாத இறுதியில் பைகுல்லாச் சிறையிலும் நோய் புகுந்தது. கைதிகளில் ஒரு பகுதியினர் ஊசிக்கு இசைந்தனர், மற்றோர் இசையவில்லை. இசைந்தோரிடையே நோய் வெகுவாகக் குறைந்தது. மருந்தின் பெருமை நிலைத்தது.

ஆயினும் அந்த இசைவை நாம் எவ்வாறு மதிப்பது? நகர மக்கள் லட்சக்கணக்கில் ஊரைவிட்டு வெளியேறினர். கைதிக்கோ கதவு பூட்டியிருந்தது. நோய் உள்ளே இருந்தது. ஊசியை அனுமதித்ததும் அவனைப் பூட்டிவைத்த அரசே. மறுத்தோரும் இருந்தனர் என்பது சிறிது ஆறுதல். ஆனால் மறுத்தவனும் அதே சுவருக்குள்தான் இருந்தான். அவர்களிற் சிலர் பிளேக்கினால் மாண்டனர்.