அஸ்ஸூஃபி கண்ட சிறு மேகம்

மஃரிபுக்குப் பின் மேற்கு வானில் எஞ்சி நிற்கும் வெளிச்சத்தை அரபியர் ஷஃபக் என்பர். அது மறைவதைக் கொண்டே இஷாவின் வக்து தொடங்குகிறது. செம்மை மறைந்தால் போதும் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் முடிவு. அதன்பின் தங்கும் வெண்மையும் மறைய வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் முடிவு. இந்த மங்கலை அளவிட்ட அறிஞர்களுள் அல்பிரூனி, சூரியன் தொடுவானுக்கு 18 பாகை கீழே இருக்கும் நிலையை எல்லையாகக் குறித்தார். வானம் முழுமையாக இருள்வதற்கு இன்றைய வானியலார் கொள்ளும் அளவும் அதுவே.

சிறு தொலைநோக்கி வைத்திருப்போர் அதுவரை பொறுத்திருப்பதில்லை. வெண்மை மறையுமுன்பே தேடத் தொடங்கிவிடுவர். முதலில் மிராக் என்னும் விண்மீனைப் பிடிக்க வேண்டும். மிஃஸர் என்ற அரபுச் சொல்லே அப்படித் திரிந்தது. இடையில் கட்டும் ஆடை என்று பொருள். (நம் கைலியைப் போன்றதுதான்.) அங்கிருந்து மங்கலான இரு விண்மீன்களைத் தாண்டினால் ஆண்ட்ரோமீடா விண்மீன் திரளின் நடுப்பகுதி, குவியம் தவறிய விண்மீன் போலத் தெரியும். அத்திரளின் ஒளி, வானில் ஆறு முழுநிலவுகளை வரிசையாக வைத்த நீளத்திற்குப் பரவிக் கிடப்பது. ஆகவே அதன் விளிம்புகள் அந்தி வெளிச்சத்தில் கரைந்துவிடுகின்றன. இருள் கூடக் கூடத்தான் அவை வெளிப்படும்.

இதனைத் தொலைநோக்கியின்றிக் கண்டு எழுதியவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி. 903இல் ரய் நகரில் பிறந்து, இஸ்ஃபஹானில் புவைஹி ஆட்சியாளர் அளுதுத் தவ்லாவின் ஆதரவில் வானை ஆராய்ந்தார். 964ஆம் ஆண்டளவில் இயற்றிய விண்மீன் நூலில், தாலமியின் 48 விண்மீன் குழுக்களுக்கும் இரண்டிரண்டு படங்கள் வரைந்தார்: வானில் தெரிவதுபோல் ஒன்று, கோளத்தின்மேல் தெரிவதுபோல் மற்றொன்று. அரபியர் அப்பகுதியில் கற்பனை செய்த பெரிய மீனின் வாயருகே ஒரு மேகத் திட்டைக் குறித்தார்.

விண்மீன் திரளைக் கண்டுபிடித்தவரே அவர்தாம் என்று நம்மவர் சிலர் மேடைகளில் முழங்குவதுண்டு. அது மிகை. அத்திட்டு என்னவென்று அவர் அறிந்திருக்கவில்லை. அவருக்கு முன்பே அரபியர் அதைக் கண்டிருக்கவும் கூடும். நம் பார்வையில் அவருடைய பெருமை வேறிடத்தில் இருக்கிறது. வானைப் பாராமல் கோளங்களையும் ஏடுகளையும் நம்பி எழுதியோரை அவர் தம் முன்னுரையில் கடிந்தார். விண்மீன்களின் இடங்களுக்குத் தாலமியின் கணக்கையே காலத்திற்கேற்ப மாற்றிக் கொண்டார் என்றாலும், அவற்றின் ஒளி அளவுகளைத் தம் கண்ணால் ஒவ்வொன்றாகச் சோதித்துத் திருத்தினார். பல இடங்களில் தாலமியுடன் முரண்படவும் அவர் அஞ்சவில்லை.

1612இல் ஜெர்மானியரான சைமன் மாரியுஸ் அத்திட்டைத் தொலைநோக்கியில் பார்த்தார். 1764இல் பிரெஞ்சு வானியலார் மெஸ்ஸியே அதைத் தம் பட்டியலில் 31ஆம் எண்ணாகச் சேர்த்து, கண்டவர் மாரியுஸ் என்று எழுதினார். அஸ்ஸூஃபியின் பெயர் அங்கில்லை. 1923இல் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் எட்வின் ஹபிள் அதனுள் ஒளி மாறும் விண்மீன் ஒன்றை இனங்கண்டு தொலைவைக் கணித்தபோதுதான், அது நம் பால்வீதிக்கு வெளியே இருக்கும் தனித் திரள் என்பது உறுதியாயிற்று. அவர் சொன்ன தொலைவு ஏறத்தாழ 9 லட்சம் ஒளியாண்டுகள். இன்றைய கணக்கு சுமார் 25 லட்சம்.